இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் கேனில் மழைத்தண்ணீர்: பிரஷ் கட்டர், பவர் வீடர் இரண்டையும் எப்படிச் சரிசெய்வது?

தென்னந்தோப்பு (கேள்வி)

வணக்கம். பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்பு. இயந்திரம் இரண்டு. ஒன்று புல் வெட்டும் 52 சிசி 2 ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர். டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) கார்புரேட்டர், பெட்ரோலில் லிட்டருக்கு 40 மிலி 2டி ஆயில் (2 ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்), அதாவது 25:1. இன்னொன்று மண்ணைக் கிளறிக் களை எடுக்கும் 7 எச்பி, 212 சிசி 4 ஸ்ட்ரோக் பவர் வீடர். அதில் ஃப்ளோட் பவுல் (அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம் உள்ள) கார்புரேட்டர், இரும்பு டேங்க்.

ஐப்பசி மழையில் கொட்டகைக் கூரை ஒழுகி, 10 லிட்டர் பிளாஸ்டிக் கேனின் மூடிமேல் தண்ணீர் தேங்கி உள்ளே இறங்கியிருக்கிறது. மூடி வாஷர் வெடித்திருந்தது. அந்தக் கேனிலிருந்துதான் இரண்டு டேங்குக்கும் ஊற்றியாச்சு.

இப்போது நிலைமை: பிரஷ் கட்டர் சோக் போட்டால் பிடிக்கிறது, சோக்கை எடுத்ததும் நின்றுவிடுகிறது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஏறவே இல்லை. வீடர் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் சத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. கத்தி மண்ணில் இறங்கியதும் அணைகிறது.

கேனிலிருந்து ஒரு லிட்டரைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்தேன். அடியில் சுமார் 150 மிலி தனி அடுக்கு, கொஞ்சம் கலங்கலாக. மேலே தெளிவு. குலுக்கினால் பால் மாதிரி ஆகி அரை மணி நேரத்தில் திரும்பவும் பிரிகிறது.

கேட்க வேண்டியவை:
1. லிட்டருக்கு 150 மிலி என்றால் 15 சதவீதம் தண்ணீரா? கேனுக்குள் அவ்வளவு போயிருக்க வாய்ப்பில்லை.
2. கேனில் இன்னும் 6 லிட்டர் இருக்கிறது, 2டி கலந்து வைத்தது தனியாக ஒன்றரை லிட்டர். தெளியவைத்து மேலே இருப்பதை மட்டும் பயன்படுத்தலாமா?
3. இரண்டு இயந்திரத்திலும் எதைக் கழற்ற வேண்டும், எதை மாற்ற வேண்டும்?
4. பங்கிலேயே தண்ணீர் கலந்து வந்ததா என்று வீட்டில் பார்க்க வழி உண்டா? பாட்டிலில் பெட்ரோலும் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கிக் காட்டும் வீடியோக்கள் நிறைய வருகின்றன.

எரிபொருள்_சோதனை

முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

அடியில் நிற்கும் 150 மிலியில் தண்ணீர் கொஞ்சம்தான். பெரும்பகுதி எத்தனால். இ20 என்றால் ஒரு லிட்டரில் 200 மிலி எத்தனால் இருக்கிறது. எத்தனாலுக்குப் பெட்ரோலைவிடத் தண்ணீர்மேல் ஈர்ப்பு அதிகம். கொஞ்சம் தண்ணீர் போனால் எத்தனால் அதைத் தனக்குள் கரைத்துக்கொண்டு பெட்ரோலிலேயே இருந்துவிடும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஓர் அளவைத் தாண்டினால் எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடிக்குப் போய்விடும். இதுதான் அடுக்கு பிரிதல். எனவே உங்கள் பாட்டிலில் உண்மையான தண்ணீர் சில பத்து மிலிக்குள்தான் இருக்கும். மூடி வழியாக அந்த அளவு இறங்கியிருக்கும் என்பது நம்பக்கூடியதுதான்.

எத்தனால் இல்லாத பழைய பெட்ரோல் தண்ணீரைக் கிட்டத்தட்டக் கரைக்கவே கரைக்காது. 10 சதவீதம் எத்தனால் உள்ளது சாதாரண வெப்பநிலையில் ஏறக்குறைய 0.5 சதவீதம் தாங்கும், அதாவது லிட்டருக்கு ஒரு டீஸ்பூன். இ20 அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் குளிர்ந்தால் தாங்கும் அளவு குறையும். பகலில் தெளிவாகத் தெரிந்தது விடிகாலையில் கலங்கினால், எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். டேங்கில் 200 மிலிதான் மிச்சம் என்றால் சில மிலி தண்ணீரே எல்லையைத் தாண்டவைத்துவிடும். பாதி டேங்கோடு மழையில் நிறுத்திய மெஷின்கள் முதலில் படுப்பது இதனால்தான்.

வீடியோ விஷயம். நல்ல இ20 பெட்ரோலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினாலும் கீழ் அடுக்கு ஊற்றியதைவிடப் பெரிதாகத்தான் வரும். அதைக் காட்டி "பங்க்காரன் தண்ணி கலந்துட்டான்" என்பது தவறு. அது எத்தனால் கீழே இறங்கியது. அந்தச் சோதனையை ஒழுங்காகச் செய்தால் எத்தனால் எவ்வளவு என்று அளக்கவே பயன்படும்:

100 மிலி அளவு உருளையில் 90 மிலி பெட்ரோல், 10 மிலி தண்ணீர். மூடிக் குலுக்கி, மூடியை லேசாகத் திறந்து ஆவியை வெளியேவிட்டு, 15 நிமிடம் வையுங்கள். கீழ் அடுக்கு 28 மிலி வந்தால் 18 மிலி கூடியிருக்கிறது. 18ஐ 90ஆல் வகுத்தால் 20 சதவீதம். ஓரிரு சதவீதம் முன்பின் வரும்.

இதையே உங்கள் பாட்டிலின் மேல் அடுக்கில் செய்து பாருங்கள். கீழ் அடுக்கு 12, 13 மிலிதான் வந்தால் மேலே எத்தனால் இரண்டு மூன்று சதவீதத்துக்கு விழுந்துவிட்டது என்று பொருள். ஆக்டேனில் (இன்ஜின் தட்டாமல் எரியும் தன்மையில்) ஒரு பங்கு எத்தனாலால் வருவது. அது போனபின் மிச்சமிருப்பது பங்கில் வாங்கிய பெட்ரோல் இல்லை, தரம் குறைந்த வேறு ஒன்று.

பங்கில் வாங்கியதில் தண்ணீர் இருந்ததா என்று பார்க்க எதையும் கலக்க வேண்டாம். காய்ந்த கண்ணாடி பாட்டிலில் நேராகப் பிடித்து ஒரு மணி நேரம் வையுங்கள். ஒரே அடுக்கு, பளிச்சென்று இருந்தால் பிரிந்த தண்ணீர் இல்லை. சந்தேகம் இருந்தால் ஒரு சிட்டிகை கேசரி பவுடர் போடுங்கள். தண்ணீர் அடுக்கு இருந்தால் அது உடனே சிவக்கும், இல்லையென்றால் தூள் அப்படியே அடியில் கிடக்கும். பங்கில் அடர்த்தி, ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு, கேளுங்கள். ஆனால் கொஞ்சம் தண்ணீரை அடர்த்தி காட்டிக்கொடுக்காது. ஃபில்டர் பேப்பர் கறையைத்தான் காட்டும். கண்ணாடி பாட்டில்தான் நம்பகமானது.

கார்புரேட்டர்_மேசை

பிரஷ் கட்டரை இனி ஒரு தடவைகூட ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீங்க. முதல்ல இதைச் சொல்லிடறேன்.

2டி ஆயில் பெட்ரோல்லதான் கரையும். அடுக்கு பிரிஞ்சா ஆயில் மேல போற பெட்ரோலோட இருக்கும், கீழ இருக்கிற எத்தனால்-தண்ணில ஆயில் கிட்டத்தட்ட இருக்காது. டேங்குக்குள்ள குழாய் நுனியில இருக்கிற ஃபில்டர் கனமானது, எப்பவும் அடியிலதான் கிடக்கும். அப்போ இன்ஜினுக்கு முதல்ல போறது ஆயிலே இல்லாத அடுக்கு. பிஸ்டன், சிலிண்டர், கனெக்டிங் ராடு நீடில் பேரிங் எல்லாத்துக்கும் எண்ணெய் அந்தப் பெட்ரோல் வழியா மட்டும்தான் வருது, வேற வழி இல்ல. இதுக்கு மேல இன்னொரு கேடு, எத்தனாலுக்குக் காத்து குறைவாப் போதும், பெட்ரோலுக்கு அதிகம் வேணும். பெட்ரோலுக்கு வெச்ச ஜெட்டுல (பெட்ரோலை அளந்து விடற சின்ன ஓட்டை) எத்தனால் போனா கலவை மெலிஞ்சு சூடேறும். சூடும் எண்ணெய் இல்லாமையும் சேர்ந்தா பிஸ்டன்ல கோடு விழும். நின்னு நின்னு போனது உங்களுக்கு நல்லதுதான், தொடர்ந்து ஓடியிருந்தா ஜாம் ஆகியிருக்கும்.

வேலை வரிசை:

டேங்கை முழுசாக் கவிழ்த்துக் காலி பண்ணுங்க. கம்பிக் கொக்கி போட்டு ஃபில்டரை வாய் வழியா வெளிய இழுங்க. ஃபெல்ட் ஃபில்டரா இருந்தா மாத்திடுங்க, அது தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும், காயவெச்சாலும் உள்ளே துரு நுண்தூள் இருக்கும். புதுப் பெட்ரோல் 100 மிலி ஊத்தி, மூடிக் குலுக்கி, கொட்டுங்க. ரெண்டு தடவை. டேங்கைத் தண்ணில கழுவவே கூடாது.

ரிட்டர்ன் குழாயைக் கழட்டி ஒரு பாட்டில்ல விட்டு, ஃபில்டரைப் புதுப் பெட்ரோல்ல முக்கி வெச்சு, பிரைமர் பல்பை 15 தடவை அமுக்குங்க. குழாயும் பல்பும் சுத்தமாகும். பல்ப் கெட்டியாவோ வெடிச்சோ இருந்தா இப்பவே மாத்திடுங்க.

அடுத்தது ஸ்பார்க் பிளக். கழட்டிட்டு மெஷினைத் தலைகீழாப் பிடிச்சு, சுவிட்சை ஆஃப்ல வெச்சு, பிளக் கேப்பை ஓட்டையை விட்டுத் தள்ளி ஒதுக்கி, கயித்தை மெதுவா ஏழெட்டு தடவை இழுங்க. சுவிட்ச் ஆன்ல இருந்தா வெளிய வர்ற ஆவி அந்தப் பொறியில பத்திக்கும், அதனால இதுல அலட்சியம் வேண்டாம். பிறகு பிளக் ஓட்டை வழியா 5 மிலி 2டி ஆயில் விட்டு மறுபடி நாலஞ்சு தடவை இழுங்க. கிராங்க் கேஸ்ல (இன்ஜினோட அடிப்பெட்டி) போன தண்ணி பேரிங்கைத் துரு பிடிக்க வைக்கிறதுக்கு ஒரு வாரம் போதும்.

கயித்தை இழுக்கும்போது கம்ப்ரஷன் முன்ன மாதிரி இருக்கா பாருங்க. சைலன்ஸர் ரெண்டு போல்ட்தான், கழட்டி எக்ஸாஸ்ட் ஓட்டை வழியா டார்ச் அடிச்சு பிஸ்டனைப் பாருங்க. வழுவழுன்னு இருந்தா தப்பிச்சீங்க. மேலிருந்து கீழா கோடு இருந்தா, அதுவும் நகத்துக்குத் தட்டுப்பட்டா, கார்புரேட்டரைக் கழுவி ஒண்ணும் ஆகாது. பிஸ்டன், ரிங், சிலிண்டர் செட் மாத்தணும்.

இப்போ கார்புரேட்டர். ரெண்டு பக்கமும் மூடி இருக்கும். ஒரு பக்கம் பம்ப் டயாஃப்ரம், மறுபக்கம் மீட்டரிங் டயாஃப்ரம். ஒவ்வொரு அடுக்கையும் எடுக்கறதுக்கு முன்ன போட்டோ எடுங்க. பொதுவா மீட்டரிங் பக்கம் கேஸ்கெட் பாடியை ஒட்டி, அதுக்கு மேல டயாஃப்ரம். பம்ப் பக்கம் இதுக்குத் தலைகீழ். மாடலுக்கு மாடல் மாறும், அதனால போட்டோதான் சாட்சி. மாத்திப் போட்டா பெட்ரோலே ஏறாது, நீங்க திரும்பவும் தண்ணியைக் குறை சொல்லிக்கிட்டு இருப்பீங்க.

பம்ப் பக்கத்துல சின்ன வலை ஒண்ணு இருக்கும், விரல்நகத்துல பாதிதான். தண்ணி வந்த மெஷின்ல இதுலதான் வெள்ளைப் பொடி அடைஞ்சிருக்கும். அது அலுமினியம் அரிச்சது. ஊசி நுனியால வலையைத் தூக்கி எடுத்து, கார்ப் கிளீனர் அடிச்சுக் கழுவி வைங்க. மீட்டரிங் பக்கம் லீவர், ஸ்பிரிங், நீடில். லீவரை வளைக்காதீங்க, அந்த உயரம்தான் பெட்ரோல் அளவு. நீடிலோட ரப்பர் நுனியில வளையமாத் தடம் விழுந்திருந்தா புதுசு போடுங்க.

கிளீனர் அடிக்கறதுக்கு முன்ன ரப்பர், டயாஃப்ரம் எல்லாத்தையும் எடுத்துடணும். கிளீனர் ரப்பரை ஊதவெச்சுடும். பழைய டயாஃப்ரத்தைக் காதுகிட்ட வெச்சு மடக்கிப் பாருங்க, சலசலன்னு சத்தம் வந்தா அது விறைச்சுப்போச்சு. ரிப்பேர் கிட் வாங்கிப் போடறது சரி. பழசையே திருப்பிப் போட்டு மறுபடி கழட்டறது வீண் வேலை.

ஒன்றரை லிட்டர் 2டி கலந்தது மொத்தமும் கழிவு. மேல் அடுக்குல இப்போ ஆயில் எத்தனை பங்குன்னு யாராலயும் சொல்ல முடியாது.

டெல்டா_உழவு

2 ஸ்ட்ரோக்குக்குச் சொன்னது சரி. ஆனா மேல் அடுக்கு தரம் குறைஞ்சதுன்னு 6 லிட்டரையும் கொட்டணும்னா ஏத்துக்க முடியல. லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல. தண்ணி இறங்கின பெட்ரோலை இங்க காலங்காலமா ராத்திரி முழுக்கத் தெளியவெச்சு, மேலாக வடிச்சு, வேட்டித் துணியில வடிகட்டி பம்ப்செட்டுல ஓட்டியிருக்காங்க. வீடர் 4 ஸ்ட்ரோக், எண்ணெய் தனி. மேல் அடுக்கை ஊத்தினா என்ன கெட்டுடப் போகுது?

எரிபொருள்_சோதனை

அந்தப் பழக்கம் தப்பே இல்லை, அது எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு. அங்கே தண்ணீர் மட்டும் தனியாக அடியில் நிற்கும், மேலே இருப்பது முன்பு இருந்த அதே பெட்ரோல். 2023 பிப்ரவரியில் இ20 பங்குகளுக்கு வரத் தொடங்கியது, இப்போது பெரும்பாலான பங்குகளில் அதுதான். இதில் பிரிந்தபின் மேலே நிற்பது வேறு பொருள். இதை மட்டும் ஊற்றி வீடரை உழவில் போட்டால் முழுப் பளுவில் இன்ஜின் தட்டும். வீடர் சும்மா ஓடும்போது தெரியாது, மண்ணில் இறங்கும்போதுதான் டக்டக் என்று வரும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் தலையும் கேஸ்கெட்டும் அடிவாங்கும்.

இன்னொன்று, மேல் அடுக்கும் தண்ணீரைத் தாங்கும் எல்லையிலேயே நிற்கிறது. ராத்திரி குளிர்ந்தால் அதிலிருந்தே இன்னும் கொஞ்சம் இறங்கும். காலையில் வடித்தது மறுநாள் மறுபடி கலங்கும்.

வேட்டித் துணி தூசியைத்தான் பிடிக்கும். பெட்ரோல் நனைத்த ஷாமி தோல் (வடிகட்டப் பயன்படும் மெல்லிய தோல்) பிரிந்த தண்ணீரை நிறுத்தும், ஆனால் எத்தனால் கலந்த அடுக்கை நம்பகமாக நிறுத்தாது. டெஃப்லான் பூசிய வலை வைத்த புனலும் அப்படித்தான்: துளியாக நிற்கும் தண்ணீரைப் பிரிக்கும், கரைந்ததைப் பிரிக்காது.

சில இடங்களில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஊற்றச் சொல்வார்கள். அது எத்தனால் இல்லாத பெட்ரோலில் சில மிலி தண்ணீர் இருக்கும்போது செய்யும் வேலை. ஏற்கெனவே 20 சதவீதம் ஆல்கஹால் இருந்தும் பிரிந்துவிட்ட கேனில் இன்னும் ஒரு மூடி ஊற்றி ஒன்றும் நடக்காது.

இருந்தாலும் மேல் அடுக்கை வீணாக்காமல் பயன்படுத்த ஒரு வழி உண்டு, மூன்று நிபந்தனைகளோடு. 2டி கலக்காதது, பளிச்சென்று தெளிந்தது, 4 ஸ்ட்ரோக்குக்கு மட்டும். ஒரு பங்கு மேல் அடுக்குக்கு ஐந்து பங்கு புது இ20 சேருங்கள். புதுப் பெட்ரோலின் எத்தனால் அந்த ஈரத்தைக் கரைத்துக்கொள்ளும், ஆக்டேனும் பெரிதாக விழாது. கலந்ததைக் கண்ணாடி பாட்டிலில் ஒரு ராத்திரி வைத்து, விடிகாலையில் பாருங்கள். பளிச்சென்று இருந்தால் ஊற்றலாம். லேசாக மங்கினாலும் வேண்டாம். வடிக்கும்போது அடுக்குக் கோட்டுக்கு மேல் ஒரு அங்குலத்தை விட்டுவிடுங்கள், பேராசையில் கடைசிவரை வடித்தால் துளிகள் கூட வந்துவிடும். சாய்த்து ஊற்றாமல் குழாய் போட்டு வடியுங்கள். வாயால் உறிஞ்ச வேண்டாம், கைப்பம்ப் இருக்கிறது.

6 லிட்டரில் 5 லிட்டர் மேல் அடுக்கு கிடைக்கும் என்று வைத்தால் 25 லிட்டர் புதுப் பெட்ரோல் தேவை. அவ்வளவு பெட்ரோல் சீக்கிரம் செலவாகும் வேலை இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் ஒன்றிரண்டு லிட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

டெல்டா_உழவு

1க்கு 5, காலையில பார்த்து ஊத்தறது. சரி, இது செய்யலாம்.

சின்ன_இன்ஜின்

வீடர் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் எழுதுகிறேன். சத்தம் ஏறி இறங்குவது, பளு வந்ததும் அணைவது, இரண்டும் மெயின் ஜெட்டுக்குச் சரியாகப் பெட்ரோல் போகாத குறி. பவுலின் அடியில்தான் ஜெட் நிற்கிறது, தண்ணீரும் அங்கேதான் நிற்கிறது. ஜெட் ஓட்டை ஒரு மில்லிமீட்டரைவிடச் சின்னது. அதன் வாயில் ஒரு தண்ணீர்த் துளி உட்கார்ந்தாலே பெட்ரோல் வழி அடைபடும். சும்மா ஓடும்போது பைலட் ஜெட் சமாளிக்கும், பளுவில் முடியாது.

முதலில் ஃப்யூயல் காக்கை மூடுங்கள். பவுலுக்கு அடியில் பக்கவாட்டில் இருக்கும் வடிகால் போல்ட், பெரும்பாலும் 10 மிமீ ஸ்பேனர். கீழே கண்ணாடி டம்ளர் பிடித்துத் திறங்கள். டம்ளரில் உருண்டை உருண்டையாக நின்றாலோ இரண்டு அடுக்காக நின்றாலோ தண்ணீர் உறுதி. காக்கின் அடியில் சின்னக் கப் இருக்கும், வண்டல் நிற்க வைத்தது, அதையும் கழற்றுங்கள். அந்த ஓ-ரிங் எத்தனாலில் ஊதி, வெளியே எடுத்தபின் பள்ளத்தில் உட்காராது. கையோடு புதிது வாங்கி வைத்துக்கொண்டு திறங்கள்.

புதிதாக நனைந்த மெஷினில் டேங்கைக் காலிசெய்து, பவுலை இரண்டு முறை வடித்துப் புதுப் பெட்ரோல் ஊற்றினாலே சரியாகிவிடும். உங்களுடையது சில நாள் நின்றிருக்கிறது, அதனால் பவுலைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். நடு போல்ட்டைக் கழற்றினால் பவுல் வரும். உள்ளே பழுப்புத் துரு, வெள்ளைப் பொடி, பசை மாதிரிப் படலம் எது இருந்தாலும் ஜெட்டையும் கழற்ற வேண்டும். ஜெட் பித்தளை, சரியான அகலமுள்ள தட்டை ஸ்க்ரூ டிரைவர் பயன்படுத்துங்கள். சின்னதைப் போட்டால் பள்ளம் கிழிந்து நிரந்தரமாக மாட்டிக்கொள்ளும். ஜெட்டுக்குப் பின்னால் பக்கமெல்லாம் ஓட்டை போட்ட எமல்ஷன் குழாய் இருக்கும், தட்டினால் விழும். அந்த ஓட்டைகள் அடைந்திருந்தால் ஜெட் சுத்தமாக இருந்தும் ஏறி இறங்குவது நிற்காது. இதைக் கழற்றாமல் விடுவதால்தான் பலருக்கு ஒரே வேலை இரண்டு தடவை வருகிறது.

ஜெட்டில் இரும்புக் கம்பி, குண்டூசி விடாதீர்கள். மெல்லிய எலெக்ட்ரிக் ஒயரைப் பிரித்து ஒரு செப்பு இழை எடுத்து விடுங்கள், செம்பு பித்தளையைக் கீறாது. பிறகு கிளீனர், அதற்குப் பின் காற்று. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வட்டமாக ஒளி தெரிய வேண்டும்.

இரும்பு டேங்க் உங்களுக்கு இன்னும் பெரிய வேலை. பிரிந்த அடுக்கு இரும்பை வேகமாக அரிக்கும். டார்ச் அடித்து அடிப்பகுதியைப் பாருங்கள். மேலாகப் பழுப்பு என்றால், டேங்கை இன்ஜினிலிருந்து கழற்றி, ஒரு முழம் சுத்தமான இரும்புச் சங்கிலியும் அரை லிட்டர் டீசலும் போட்டு ஐந்து நிமிடம் குலுக்குங்கள். கொட்டிவிட்டு, புதுப் பெட்ரோலில் இரண்டு தடவை அலசுங்கள். கடைசி அலசல் தெளிவாக வரவேண்டும். துளை விழுந்திருந்தால் வெல்டிங் வைக்க நினைக்காதீர்கள், பெட்ரோல் இருந்த டேங்கில் வெல்டிங் வெடிக்கும். புது டேங்க் போடுங்கள்.

டிப் ஸ்டிக்கை எடுத்து இன்ஜின் ஆயிலை முகர்ந்து பாருங்கள். துரு தூள், பெட்ரோல் வரவை அடைக்கும் ஃப்ளோட் நீடிலில் மாட்டினால் பவுல் நிரம்பிப் பெட்ரோல் கிராங்க் கேஸில் இறங்கும். ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ, டீ நிறத்தில் கலங்கியிருந்தாலோ ஆயிலை மாற்றுங்கள். இந்த அளவு இன்ஜினுக்கு 0.6 லிட்டர். வேலை இல்லாதபோது காக்கை மூடிவைத்தால் இந்தத் தொல்லையே வராது.

பிளக் பெரும்பாலும் பிபிஆர்6இஎஸ் (BPR6ES) மாடல், இடைவெளி 0.7 முதல் 0.8 மிமீ.

தென்னந்தோப்பு

எல்லோருக்கும் நன்றி. அளவு உருளைச் சோதனை செய்தேன். மேல் அடுக்கு 90 மிலி, தண்ணீர் 10 மிலி: கீழே 13 மிலி வந்தது. பங்கில் புதிதாகப் பிடித்ததில் 27 மிலி. ஆக பங்க் பெட்ரோல் சரி, கேன்தான் பிரச்சினை.

பிரஷ் கட்டர் பிஸ்டனில் கோடு இல்லை. கார்புரேட்டர் வலையில் நீங்கள் சொன்ன வெள்ளைப் பொடி நன்றாகவே இருந்தது. கிட் போட்டாயிற்று, ஐடில் நிற்கிறது.

இரண்டு சந்தேகம். ஒன்று, மூடியைச் சரியாகப் போட்டாலும் மழைக்காலக் காற்று ஈரத்தால் கேனுக்குள் தண்ணீர் சேரும் என்கிறார்களே, தினமும் டேங்கை நிரப்பி வைப்பது அவசியமா? இரண்டு, மிஞ்சிய கழிவை எங்கே போடுவது?

எரிபொருள்_சோதனை

காற்று ஈரத்தைப் பற்றிய பயம் கொஞ்சம் மிகை. 30 டிகிரியில் முழு ஈரமான காற்று ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 30 கிராம் நீராவி வைத்திருக்கும். ஒரு லிட்டர் காற்றில் 0.03 கிராம், அதாவது ஒரு துளிக்கும் குறைவு. பகல் சூட்டிலும் ராத்திரிக் குளிரிலும் டேங்க் மூச்சுவிட்டாலும் ஒரு நாளைக்கு அந்த ஒரு லிட்டரில் சிறு பங்குதான் மாறும். அடுக்கு பிரிகிற அளவு அந்த வழியில் சேர மாதக்கணக்காகும். மூடி திறந்து கிடக்கும் கேன் வேறு கதை, அங்கே எத்தனால் நேராகவே ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும்.

பெரிய அளவில் தண்ணீர் போவது நான்கு வழியில்: மூடிமேல் தேங்கும் மழை, வேலை முடித்து மெஷினை பைப் வைத்துக் கழுவும்போது டேங்க் மூடியின் காற்றுத்துளை, கழுவிக் காயாத புனல், தண்ணீர் வைத்திருந்து பெட்ரோலுக்கு மாற்றிய கேன். இந்த நான்கையும் அடைத்தால் டேங்கை நிரப்பி வைப்பதா காலியாக வைப்பதா என்பது சின்ன விஷயம். பிரஷ் கட்டர் இரண்டு வாரத்துக்குமேல் சும்மா நிற்கும் என்றால் டேங்கைக் காலிசெய்து, ஐடிலில் தானாக நிற்கும்வரை ஓட்டிவிடுங்கள்.

கேனை மாற்றுங்கள். உரிமம் இல்லாமல் சொந்தப் பயன்பாட்டுக்கு 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்திருக்க 1934ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டம் இடம் தருகிறது, ஆனால் இறுக்கி மூடிய கலத்தில் இருக்க வேண்டும்: கண்ணாடி, பீங்கான் என்றால் 1 லிட்டருக்குள், உலோகம் என்றால் 25 லிட்டருக்குள். 5 லிட்டர் உலோகக் கேன் இரண்டு போதும். மூடி வாஷர் எத்தனால் தாங்கும் ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள், சாதாரண ரப்பர் ஊதி வெடிக்கும். உங்கள் பழைய வாஷர் வெடித்ததுகூட அதனால் இருக்கலாம். கேனைச் சிமெண்ட் தரையில் வைக்காமல் பலகைமேல், கூரை ஒழுகாத பக்கம் வையுங்கள். வாங்கிய தேதியை எழுதி ஒட்டி, ஒரு மாதத்துக்குள் தீருகிற அளவே வாங்குங்கள். 2டி கலப்பது அன்றன்றைக்கு வேண்டியது மட்டும்.

கழிவு: அடியில் நிற்கும் அடுக்கைத் தண்ணீர்தானே என்று நினைக்காதீர்கள், பாதிக்குமேல் எத்தனால், கூடவே பெட்ரோலும் கரைந்திருக்கும், பற்றும். குப்பை கொளுத்த ஊற்றுவது ஆபத்து. வாய்க்கால், கிணற்றடி, தென்னை மூடு எங்கும் ஊற்ற வேண்டாம், தோப்புக் கிணறு அதே தண்ணீரைத்தான் குடிக்கத் தருகிறது. தனி உலோகக் கேனில் "கழிவு, பற்றும்" என்று எழுதி மூடிவையுங்கள். பெரிய வண்டி சர்வீஸ் சென்டர்களில் கழிவு எரிபொருளைத் தனியாகச் சேர்த்து அனுப்பும் ஏற்பாடு இருக்கும், கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். கழிவு ஆயில் டிரம்மில் கலக்கக் கூடாது, பெட்ரோல் சேர்ந்தால் அந்த டிரம் முழுவதும் தீப்பற்றும் பொருளாகிவிடும். 2டி கலந்த மேல் அடுக்கை செயின், கியர் பெட்டி வெளிப்பாகங்களை வெட்டவெளியில் கழுவ வைத்துக்கொள்ளலாம், கையுறை போட்டு, பக்கத்தில் அடுப்போ பீடியோ இல்லாமல்.

கார்புரேட்டர்_மேசை

ஐடில் நிக்குதுன்னா பாதி தாண்டிட்டீங்க. நேரா புல்லுல இறக்காதீங்க. புது 25:1 கலவையில மூணு நிமிஷம் ஐடில், அப்புறம் பாதி ஆக்சிலேட்டர் அஞ்சு நிமிஷம், கத்தி இல்லாம இல்ல, கத்தி மாட்டிப் பளு இல்லாம. நைலான் தலையோ கத்தியோ எதுவும் மாட்டாம முழு ஆக்சிலேட்டர் கொடுத்தா இன்ஜின் அளவுக்கு மீறிச் சுத்தும். ஆறினதும் பிளக்கைக் கழட்டி நிறம் பாருங்க. காப்பிப் பொடி நிறம்னா சரி. வெள்ளையா, சாம்பல் பூத்த மாதிரி இருந்தா கலவை மெலிவு: எங்கயாவது கேஸ்கெட்டுல காத்து இழுக்குது, இல்ல வலையில இன்னும் அடைப்பு இருக்கு. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்கிற கேஸ்கெட்டைத்தான் முதல்ல பாருங்க, கழட்டி மாட்டும்போது கிழியறது அதுதான்.